மரக்காணத்து உப்பும் நம் கையிலுள்ள அமானிதமும்

திருக்குர்ஆன் இரு வகைக் கடல்களைப் பற்றிப் பேசுகிறது. ஒன்றின் நீர் இனிமையானது, தாகம் தீர்ப்பது. மற்றொன்றின் நீரைக் குறிக்க ‘மில்ஹ்’, ‘உஜாஜ்’ என்ற இரண்டு சொற்கள் வருகின்றன (25:53, 35:12). மில்ஹ் என்றால் உப்பு. உஜாஜ் என்பதற்குக் கடும் உவர்ப்பு என்றும் கசப்பு என்றும் முஃபஸ்ஸிர்கள் விளக்கம் தருகிறார்கள். கடல்நீரில் உப்பும் உண்டு, கசப்பும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் உப்பளத்து வேலை. உப்பு நம் வீட்டு அடுப்படிக்கு வந்துவிடுகிறது. கசப்பு எங்கே போகிறது என்று நாம் யோசித்ததுண்டா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது, சாலையோரம் பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரையும் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களையும் பார்த்திருப்பார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் மூவாயிரம் ஏக்கருக்கும் மேலான நிலத்தில் உப்பு விளைகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்துப் பேசப்படும் உப்பூர் இதுதான். சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் இங்கேதான். பக்கத்திலேயே கழுவெளி என்னும் பரந்த உவர்நீர்ச் சதுப்பு நிலம். ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

ஒரே கரையில் உப்பளம், மீன்பிடி கழிமுகம், பறவைகளின் புகலிடம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றிலிருந்து வெளியேறும் நீர் மற்றொன்றைத் தொடாமல் போகாது. ‘நீடித்த உற்பத்தி’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த மூலப்பொருள்’ என்றெல்லாம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இன்று பேசப்படுவதன் பொருளை நாம் புரிந்துகொள்ள இந்தக் கரை நல்ல பாடம்.

பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் நீர்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புப் பொருட்கள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடும் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, சுமார் 27 கிராம். மீதியில் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், மிகச் சிறிய அளவில் புரோமின் ஆகியவை இருக்கின்றன.

இந்த நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலுக்கு விடுகிறார்கள். வெயிலும் காற்றும் நீரை வற்ற வைக்கின்றன. நீரின் அடர்த்தியை ‘டிகிரி’ கணக்கில் அளப்பார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. சுமார் 13 டிகிரியை அடையும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரிக்கு வரும்போது நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். அப்போதுதான் உப்பு படிகமாக இறங்கும். 29 டிகிரி வரை உப்பை வாரலாம். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

இன்னும் கொஞ்சம் கிடைக்குமே என்று அந்த எல்லைக்கு மேலும் அதே பாத்தியில் நீரை வற்றவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து படியும். அந்த உப்பு கசக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து மூட்டையிலேயே கசிந்துபோகும். அல்லாஹ் வானத்தை உயர்த்தித் தராசை அமைத்ததையும், அந்த அளவில் வரம்பு மீறக்கூடாது என்பதையும் சூரத்துர் ரஹ்மான் நமக்கு நினைவூட்டுகிறது (55:7-9). உப்பளத்தில் அந்த அளவை மீறினால் தண்டனைக்கு மறுமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாத்தியிலேயே தெரிந்துவிடும்.

உப்பு வாரிய பின் பாத்தியில் எஞ்சும் பிசுபிசுப்பான நீர்தான் அந்தக் கசப்பு. ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் கசப்பு நீர் மிஞ்சும் என்பது பொதுவான கணக்கு. சிறு உப்பளங்களில் பெரும்பாலும் இதை அப்படியே ஓடையிலோ கழிமுகத்திலோ கடலிலோ திறந்துவிடுகிறார்கள். கடல் பெரியது, தாங்கிக்கொள்ளும். அடர்ந்த உவர்நீர் மொத்தமாக வந்து சேரும் குறுகலான கழிமுகம் அப்படியல்ல. மீன்குஞ்சும் இறால் குஞ்சும் வளரும் இடம் அதுதான்.

நபி (ஸல்) அவர்கள் திரும்பப் பெற்ற உப்பு

உப்பு யாருக்குச் சொந்தம்? இதற்கு ஹதீஸில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. யமன் நாட்டைச் சேர்ந்த அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, மஃரிப் என்ற ஊரிலுள்ள உப்பு நிலத்தைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டார்கள். நபியவர்களும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவர் சென்ற பின், அங்கிருந்த ஒருவர், அது வற்றாத நீரைப் போல யாரும் சிரமமின்றி எடுத்துக்கொள்ளக் கூடிய பொருள் என்பதை எடுத்துச் சொன்னார். உடனே நபி (ஸல்) அவர்கள் அந்த ஒதுக்கீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் (அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா). அதைத் தமது தர்மமாகக் கணக்கிடுமாறு அப்யள் (ரலி) வேண்டியதாகவும், நபியவர்கள் அதை ஏற்று, வருபவர் எவரும் எடுத்துக்கொள்ளும் பொதுநீர் போல அதை ஆக்கியதாகவும் இப்னு மாஜாவின் அறிவிப்பில் வருகிறது.

உழைப்பின்றி வெளிப்படையாகக் கிடைக்கும் கனிமங்களைத் தனி ஒருவருக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது என்ற சட்டத்தை ஃபுகஹாக்கள் இதிலிருந்து எடுத்தார்கள். ஆனால் இதோடு அவர்கள் நிறுத்தவில்லை. கடற்கரையில் ஓர் இடத்தில் ஒருவர் உழைத்து நிலத்தைப் பண்படுத்தி, அதில் நீர் வந்து தேங்கி உப்பாக மாறுமானால், அது தரிசு நிலத்தை உயிர்ப்பித்தது போன்றது, அதை உடைமையாக்கிக்கொள்ளலாம் என்று இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் ‘அல்முக்னீ’யில் விளக்கியிருக்கிறார்கள். மரக்காணத்து அளங்கள் இந்த இரண்டாவது வகை. வரப்பு கட்டி, பாத்தி மிதித்து, நீர் பாய்ச்சி, வெயிலில் நின்று வாரி எடுத்த உப்பு உழைத்தவருடையது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. உப்பு உழைத்தவருக்குச் சொந்தமாகலாம். கடலும் கழிமுகமும் எல்லோருக்கும் பொது. தன் உடைமையிலிருந்து இலாபம் எடுப்பவர் அதன் கசப்பைப் பொதுச்சொத்தின் மீது கொட்டலாமா? பிறருக்குத் தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. உற்பத்தி செய்பவரே தம் கழிவுக்கும் பொறுப்பு என்று இன்றைய சுற்றுச்சூழல் சட்டங்கள் சொல்வதும் இதையே.

கசப்பு நீரில் கிடக்கும் செல்வம்

உப்பையும் கடல்சார் வேதிப்பொருட்களையும் ஆராய்வதற்கென்றே நம் நாட்டில் ஒரு நிறுவனம் இருக்கிறது. குஜராத்தின் பாவ்நகரில் 1954-இல் தொடங்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அது. நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் அதன் கடற்பாசி ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

கசப்பு நீரைக் கழிவாகப் பார்க்காமல் மூலப்பொருளாகப் பார்க்கும் ஆய்வுகளை அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அந்த நீரிலிருந்து பொட்டாஷ் உரம், மக்னீசியச் சேர்மங்கள், புரோமின், சோடியம் குறைந்த உப்பு ஆகியவற்றைப் பிரித்தெடுக்க முடியும். இந்தியா தன் பொட்டாஷ் உரத் தேவைக்கு ஏறக்குறைய முழுக்க இறக்குமதியையே நம்பியிருக்கிறது. கப்பலில் வாங்குகிற பொருளையே மறுபக்கம் ஓடையில் திறந்துவிடுகிறோம் என்றால் இது வீண்விரயம் அல்லாமல் வேறென்ன? உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் என்ற இறைக்கட்டளை (7:31) உணவுத் தட்டோடு முடிந்துவிடுவதில்லை.

பிறகு ஏன் எல்லா உப்பளங்களிலும் இது நடக்கவில்லை? காரணம் எளிது. சில ஏக்கர் வைத்திருப்பவரின் கசப்பு நீரைக் கொண்டு ஓர் ஆலை ஓடாது. பலருடைய நீரையும் ஒரே இடத்தில் சேர்க்க வாய்க்காலும் தேக்கமும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை வந்தால் சேர்த்து வைத்த நீர் எல்லாம் நீர்த்துப்போகும். ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது அளத்துக்கு வந்து சேர, உற்பத்தியாளர்கள் கூட்டாகச் சேர்வதும் அரசு உதவுவதும் அவசியம். தனியாகத் தொழுவதைவிட ஜமாஅத்துக்குச் சிறப்பு அதிகம் என்பது நமக்குத் தெரியும். இந்த வேலையோ ஜமாஅத் இல்லாமல் நடக்கவே நடக்காது.

பொருள் மாறினால் சட்டம் மாறுமா?

மத்ரஸாவில் ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு ‘இஸ்திஹாலா’ என்ற சொல் தெரியும். ஒரு பொருள் தன் இயல்பை இழந்து வேறொரு பொருளாக மாறிவிடுவதே இஸ்திஹாலா. இதற்கு ஹனஃபீ நூல்களில் வரும் பழைய உதாரணமே உப்பளம்தான். உப்பு நிலத்தில் விழுந்த கழுதை காலப்போக்கில் முற்றிலும் உப்பாகவே மாறிவிட்டால் அந்த உப்பு சுத்தமானதா? சுத்தமானது என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. அதன்படியே ஹனஃபீ மத்ஹபில் ஃபத்வா தரப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கான வாசல் மிகக் குறுகியது. மது தானாகவே காடியாக மாறுவது, தோல் பதனிடப்படுவது போன்ற சிலவற்றையே அவர்கள் ஏற்பார்கள்.

நாம் இங்கே ஃபத்வா சொல்ல வரவில்லை. அசுத்தமென்று ஒதுக்கிய ஒன்று பயனுள்ள வேறொன்றாக மாற முடியும் என்ற சிந்தனை நம் கிதாபுகளுக்குப் புதிதல்ல என்பதையே சொல்கிறோம். இன்று பொறியியல் ஆய்வுகள் அந்த மாற்றத்தைத் திட்டமிட்டு நடத்திக் காட்டுகின்றன.

நம் பிள்ளைகள் பலர் பிழைப்புக்காகச் சென்றிருக்கும் வளைகுடா நாடுகளையே எடுத்துக்கொள்வோம். அங்கே குடிநீர் கடலிலிருந்து வருகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் உலகம் முழுவதும் நாளொன்றுக்கு 14 கோடி கன மீட்டருக்கும் அதிகமான அடர் உவர்நீரைக் கழிக்கின்றன என்று ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் கணக்கிட்டார்கள். அதில் பாதிக்கும் மேல் சவூதி, அமீரகம், குவைத், கத்தார் ஆகிய நான்கு நாடுகளிலிருந்து வருகிறது. நம் சென்னைக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் இருக்கின்றன.

இந்தக் கழிவு உவர்நீரிலுள்ள மக்னீசியத்தைக் கொண்டு சிமெண்டுக்கு மாற்றான ஒரு கட்டுமானப் பொருளை ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஜப்பானிலுமுள்ள ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அமீரகத்தின் ‘சப்கா’ எனப்படும் உப்புச் சமவெளிகளைப் பார்த்து எழுந்த எண்ணம் அது. வாயில் அல் அவர், கெனிச்சி தெராமோதோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் இதைக் கொண்டு அமைத்த அரங்கம், 2021-இல் வெனிஸ் நகரக் கட்டடக்கலைக் கண்காட்சியில் சிறந்த நாட்டு அரங்கத்துக்கான தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது என்பதை நினைத்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும்.

இதற்குக் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மக்னீசியம் குளோரைடு சேர்ந்த சிமெண்டு 1867-லிருந்தே அறியப்பட்டது. ஆனால் அது தண்ணீரில் நலியும், உள்ளே வைக்கும் இரும்புக் கம்பியை அரிக்கும். எகிப்தின் ஸீவா பாலைவனச் சோலையில் முன்னோர் உப்புக் கட்டியும் மண்ணும் சேர்த்து வீடு கட்டினார்கள். 1926-இல் சில நாட்கள் தொடர்ந்து கொட்டிய மழையில் அந்தப் பழைய கோட்டையூரின் பெரும்பகுதி கரைந்து சிதைந்தது. புயலும் மழையும் வந்துபோகும் நம் கரைக்கு எது பொருந்தும் என்பதை நம் மண்ணிலேயே ஆராய வேண்டியிருக்கிறது.

பசுமை என்ற பெயரோடு வருவது எல்லாம் நன்மையாகவே முடியும் என்பதும் இல்லை. மண்டபம் கரையில் ‘கப்பாஃபைகஸ்’ என்ற வெளிநாட்டுக் கடற்பாசி வளர்ப்பு பல பெண்களுக்கு வருமானம் தந்தது. அதே பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறைகள் மீது பரவியதையும் ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். நன்மையைத் தேடுவதைவிடத் தீமையைத் தடுப்பதற்கு முன்னுரிமை என்ற ஃபிக்ஹு விதி ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்தும்.

குர்பானித் தோலும் பாலாறும்

உப்பின் பயணம் சமையலறையோடு நிற்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம் சமுதாயத்தார் தலைமுறைகளாகச் செய்துவரும் தோல் தொழில் உப்பின் மீதே நிற்கிறது. உரித்த தோல் கெடாமலிருக்க, அதன் எடையில் பாதிக்கு நெருக்கமான அளவு உப்பு போடுகிறார்கள். தோல் ஷாப்பில் முதல் வேலையே அந்தத் தோலை ஊறவைத்துக் கழுவுவதுதான். அப்போது போட்ட உப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு வெளியேறுகிறது. சாயத்தைப் பிரிக்கலாம், சேற்றைப் பிரிக்கலாம். கரைந்துபோன உப்பைப் பிரிப்பதே கடினம். பாலாற்றுப் படுகையில் கிணறுகள் உவர்த்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 1996-இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், 2025 ஜனவரியில் பாலாறு குறித்து அதே நீதிமன்றம் தந்த தீர்ப்பும் நம் வீட்டுத் தொழிலைப் பற்றியவை.

சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், குறைந்த உப்பில் தோலைப் பாதுகாக்கும் முறைகளையும், ஊறவைப்பதற்கு முன்பே தோலிலுள்ள உலர் உப்பைத் தட்டி எடுக்கும் முறைகளையும் ஆராய்ந்து தந்திருக்கிறது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையங்களும் வந்துள்ளன. ஆனால் நீரை முழுக்க ஆவியாக்கிய பின் பலவகை உப்புகள் கலந்த ஒரு திடக்கழிவு மிஞ்சுகிறது. அதைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதே இன்றைய சவால். மரக்காணத்துக் கசப்பு நீரும் ஆம்பூர் கலப்பு உப்பும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

ஹஜ்ஜுப் பெருநாளில் இது நம் வாசலுக்கே வருகிறது. குர்பானிப் பிராணியின் இறைச்சியையும் தோலையும் தர்மம் செய்யுமாறும், அதிலிருந்து அறுப்பவருக்குக் கூலி தர வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள் (புகாரீ, முஸ்லிம்). அந்தத் தோல்கள் பல மத்ரஸாக்களின் வருமானம். விலை சரிந்துகிடக்கும் இந்த ஆண்டுகளில், உப்பு போடத் தாமதித்துக் கெட்டுப்போன தோலைப் புதைக்க வேண்டி வருவது ஏழை மாணவர்களின் ஹக்கை வீணாக்குவதாகும். உரித்த சில மணி நேரத்துக்குள் நிழலில் விரித்து, சதைப் பக்கம் எங்கும் சீராக உப்பைத் தடவினால் குறைந்த உப்பே போதும். மீந்த உப்பைத் தெருச் சாக்கடையில் கழுவிவிடாமல் கூட்டி அள்ளி வைத்து அடுத்த தோலுக்குப் பயன்படுத்தலாம்.

உப்போடு வரும் பிளாஸ்டிக்

கடலில் நாம் எறிவது நம் தட்டுக்கே திரும்பி வருகிறது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் விற்கப்படும் கடல் உப்புகளில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதைக் கண்டார்கள். தூத்துக்குடி உப்பளங்களில் நடந்த ஆய்வில், ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்த உப்பைவிடக் கடல்நீரில் விளைந்த உப்பில் துகள்கள் கூடுதலாக இருந்தன. கடலிலும் தரையிலும் சீர்கேடு தோன்றுவது மனிதக் கரங்களின் சம்பாத்தியத்தால் என்று குர்ஆன் கூறுவதை (30:41) இதைவிடத் தெளிவாக எதைக் கொண்டு விளக்குவது?

மும்பை ஆய்வு தீர்வையும் சொல்கிறது. கடல்நீரைப் பாத்திக்கு விடும் முன் மணல் வழியாக வடிகட்டினாலே துகள்களில் எடைக்கணக்கில் 85 சதவீதத்துக்கும் மேல் நீங்கிவிடும். மணலும் தொட்டியும் போதும். அதைவிட எளிய வழி, கரைக்குப் போகும் நாம் பையையும் பாட்டிலையும் அங்கே போடாமல் திரும்புவது.

உப்பு வாருகிறவரை மறந்தால்

நீடித்த உற்பத்தி என்று பேசும்போது பொருளைப் பற்றியே பேசிவிட்டு ஆளை மறந்துவிடுவது வழக்கம். உச்சி வெயிலில், கீழே உப்பின் வெள்ளை ஒளி கண்ணைக் கூசவைக்க, காலில் உவர்நீர் அரிக்க நின்று வாருகிறவர்கள் ஆண்களும் பெண்களும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் பாதுகாப்பான வெப்ப அளவுக்கு மேலான சூழலில் உழைப்பதும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரியவந்தது. மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் பகுதியும் வெள்ளத்தில் மூழ்கியது. பாத்தியைப் புதிதாகக் கட்டி, சேற்றை மிதித்து இறுக்கி, மீண்டும் உப்பு காண எத்தனை நாள் கூலியற்ற வேலை!

வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நிழல், குடிநீர், கழிப்பறை, கறுப்புக் கண்ணாடி, காலுறை ஆகியவையும் அந்தக் கூலியின் பகுதியே. இவற்றைத் தராத ஓர் அளம் கசப்பு நீரிலிருந்து எவ்வளவு உரம் எடுத்தாலும் அதை நல்ல உற்பத்தி என்று நாம் சொல்ல மாட்டோம்.

நம்மால் ஆவது

முதலாவது, நம் பிள்ளைகளின் படிப்பு. பொறியியல் என்றால் கணினி மட்டுமே என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊன்றிவிட்டது. வேதிப் பொறியியல், சுற்றுச்சூழல் பொறியியல், தோல் தொழில்நுட்பம் ஆகியவை நம் தொழிலோடும் நம் கரையோடும் நேரடித் தொடர்புள்ளவை. ஊர் ஜமாஅத்தும் பைத்துல்மாலும் தரும் கல்வி உதவியில் இத்துறைகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம்.

இரண்டாவது, தொழில் செய்வோர் ஆய்வு நிறுவனங்களின் வாசலை மிதிக்க வேண்டும். மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனங்கள் அவை. கேட்பவருக்கே அறிவு கிடைக்கும்.

மூன்றாவது, ஜும்ஆ மேடை. ஹவ்ளில் வீணாகும் தண்ணீரைப் பற்றிப் பேசும் நாம், கழிமுகத்தில் கலக்கும் கழிவைப் பற்றியும் பேச வேண்டும்.

தங்கம், வெள்ளியோடு உப்பையும் ஒரே ஹதீஸில் சேர்த்து, அதன் கொடுக்கல் வாங்கலில் வட்டி நுழையாமல் காத்தார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்த அளவுக்கு மதிப்புள்ள பொருள் நம் கையில் ஒரு சிட்டிகையாக இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கடலும், ஒரு கழிமுகமும், வெயிலில் நிற்கும் ஓர் உழைப்பாளியும் இருக்கிறார்கள். மூன்றுமே அமானிதம்.

அமானிதத்தைப் பேணுபவர்களாகவும், பயன்தரும் கல்வியைத் தேடுபவர்களாகவும் நம்மையும் நம் சந்ததியையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.